அலமாரி நிறைந்துவிட்டது, மேசைதான் காலியாக இருக்கிறது

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மூன்று வருடமாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் புத்தகங்களையும் அதே வகையான மற்ற ரோல்பிளே விளையாட்டுகளையும் (ஆளுக்கொரு கற்பனைக் கேரக்டராகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டங்கள்) சேர்த்து வருகிறீர்கள். நாற்பதுக்கு மேல் புத்தகம், இரண்டு பெட்டி மினியேச்சர் (கேரக்டர்களையும் அரக்கர்களையும் காட்டும் சின்ன உருவங்கள்), பை நிறையப் பகடை. ஆனால் நண்பர்களோடு உட்கார்ந்து ஆடியது ஒன்பது முறைதான். தொடங்கிய இரண்டு கேம்பெயினும், அதாவது பல அமர்வுகளாகத் தொடரும் கதைகளும், பாதியில் நின்றுவிட்டன. இன்னும் நல்ல சாகசப் புத்தகமாக வாங்கினால் ஆட்டம் நிலைக்குமா, இல்லை சேகரிப்பதையே விட்டுவிட வேண்டுமா என்கிறீர்கள்.

இரண்டும் வேண்டாம் என்பதுதான் என் பதில். இருபது வருடத்துக்கு மேலாக டன்ஜன் மாஸ்டராக, அதாவது கதையையும் எதிரிகளையும் கையாள்பவராக, ஆட்டம் நடத்துகிறேன். பழைய பதிப்புகளைத் தேடிச் சேர்க்கவும் செய்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பொழுதுபோக்குதான். உள்ளே வந்து பார்த்தால் ஒவ்வொன்றிலும் தட்டுப்பாடு வேறு. ஆட்டத்தில் கிடைக்காதது மனிதர்களின் மாலை நேரம். சேகரிப்பில் கிடைக்காதது இடமும், எதை வாங்குகிறோம் என்ற தெளிவும். ஒன்றின் குறையை மற்றதால் அடைக்கப் பார்க்கும்போது சிக்கல் வருகிறது. ஆட்டம் தள்ளிப்போன வாரத்தில் புத்தகம் வாங்கத் தோன்றும். வாங்கியதும் ஏதோ ஏற்பாடு செய்துவிட்ட நிறைவு வரும். ஆனால் அடுத்த சனிக்கிழமை யாரும் வந்து சேர்வதற்கு அந்தப் புத்தகம் உதவாது.

முதலில் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவோம்.

பாதியில் நின்ற கேம்பெயின்களை எடுத்துப் பார்த்தால், கதை மோசமாக இருந்து நின்றவை குறைவு. நாள் ஒத்துவராமல் நின்றவையே அதிகம். உங்களிடம் ஐந்து ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள், ஒவ்வொருவரும் பத்துக்கு எட்டு முறை வந்துவிடுவார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல வருகைதான். ஆனால் ஐந்து பேரும் ஒரே நாளில் வந்து சேர 33 சதவீத வாய்ப்புதான் இருக்கிறது. 0.8-ஐ ஐந்து முறை பெருக்கிப் பாருங்கள், தெரியும். "எல்லாரும் வந்தால்தான் ஆட்டம்" என்று வைத்தால் மூன்று வாரத்தில் இரண்டு வாரம் ரத்து. நான்கு பேர் போதும் என்று தளர்த்தினால் அந்த வாய்ப்பு 74 சதவீதமாகிறது. மூன்று பேர் போதும் என்றால் 94. ஆட்களும் அதேதான், கதையும் அதேதான், விதி ஒன்றை மாற்றியதும் ஆட்டம் பிழைத்துவிடுகிறது.

அதனால் ஆட்டத்துக்கான கிழமையை முன்பே குறித்துவிடுங்கள். "எப்போது எல்லாருக்கும் வசதி?" என்று ஒவ்வொரு முறையும் கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்கு முடிவே வராது. இன்ன கிழமை, இன்ன நேரம், மூன்று பேர் வந்தால் ஆட்டம் உண்டு. வராதவரின் கேரக்டர் பின்னால் முகாமில் இருக்கிறது, சாகாது, அனுபவப் புள்ளியும் குறையாது. வராதவரைத் தண்டிக்காமல் இருப்பது முக்கியம். இரண்டு வாரம் வராமல் பின்தங்கிப் போனவர் மூன்றாவது வாரம் வரத் தயங்குவார்.

மூன்று என்று வைத்த பிறகும் என் மேசைக்கு ஒருநாள் இரண்டு பேர் மட்டும் வந்தார்கள். குழு ஒரு மலைக்கோட்டையை முற்றுகையிட்டிருந்த நேரம். பெரிய சண்டையை அந்த இருவரை மட்டும் வைத்து நடத்த மனம் வரவில்லை. "இன்றைக்கு இரவுக் காவல் உங்கள் இருவருக்கும்" என்றேன். மழை பெய்கிறது, தீ அணையக் கூடாது, விடிய நேரமிருக்கிறது, அவ்வளவுதான் சூழ்நிலை. ஒருவருடைய கேரக்டர் குருகுலத்திலிருந்து துரத்தப்பட்ட ஒரு வைத்தியர். அதை ஆடியவர் அதுவரை ஓர் அமர்வுக்கு நான்கு வாக்கியத்துக்கு மேல் பேசாதவர். மற்றவர் தீயைக் கிளறுவதுபோல் கையை அசைத்துக்கொண்டே, "உன்னை எதுக்குத் துரத்தினாங்க?" என்று கேட்டார். வைத்தியரை ஆடியவர் கேரக்டர் ஷீட்டை (கேரக்டரின் விவரங்கள் எழுதிய தாளை) குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு அரைமணி நேரம் பேசினார். பகடை இரண்டே முறைதான் உருண்டது. ஒருமுறை நனைந்த விறகுக்காக, ஒருமுறை இருட்டில் கேட்ட காலடிச் சத்தத்துக்காக. அன்று அவர் சொன்ன கதையில் வந்த குருகுலத்து ஆசிரியைதான் அப்புறம் ஒரு வருடம் ஓடிய கதையின் நடுவில் நின்றார். ரத்து செய்திருந்தால் அந்த ஆசிரியையே இருந்திருக்க மாட்டார்.

அடுத்தது தயாரிப்பு. புதிதாக நடத்துகிறவர்கள் நாவல் எழுதுவதுபோல் உழைத்துவிட்டு, ஆட்டக்காரர்கள் அந்தப் பக்கம் போகவில்லையே என்று சோர்ந்துபோகிறார்கள். என்ன நடக்கும் என்று எழுதாதீர்கள், யாருக்கு என்ன வேண்டும் என்று எழுதுங்கள். கோட்டைத் தலைவனுக்குப் பணமுடை, அவன் தம்பிக்குப் பதவி ஆசை, ஊர்க் கிணற்றில் ஏதோ இருக்கிறது. இந்த மூன்று வரி தெரிந்தால், ஆட்டக்காரர்கள் எந்தக் கதவைத் தட்டினாலும் உங்களிடம் பதில் இருக்கும். அதோடு பத்துப் பெயர்கள் கொண்ட பட்டியல் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். வழியில் வருகிற காவல்காரனுக்குப் பெயர் கேட்டதும் நீங்கள் விழித்தால், அவன் முக்கியமில்லாதவன் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். உடனே ஒரு பெயர் சொன்னால் அவன் ஆளாகிவிடுகிறான்.

பகடையின் கணக்கையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், கதை தடம் புரள்வது பெரும்பாலும் அங்கேதான். இருபது முகப் பகடையில் ஒவ்வொரு எண்ணுக்கும் சமமாக 5 சதவீதம். மூன்று ஆறுமுகப் பகடையை உருட்டிக் கூட்டினால் அப்படியில்லை, நடுவில் குவியும். 10 வர 12.5 சதவீதம், 18 வர 216-ல் ஒரு வாய்ப்பு. இருபது முகப் பகடை எப்போது வேண்டுமானாலும் காலை வாரும் என்பதால், கதை நகரத் தேவையான தடயத்தை ஒரே உருட்டலுக்குப் பின்னால் ஒளித்து வைக்கவே கூடாது. 13 அல்லது அதற்கு மேல் தேவை என்று வைத்தால் கிடைக்க 40 சதவீதம்தான், அதாவது பாதிக்கு மேற்பட்ட முறை கதை அங்கேயே நின்றுவிடும். அதே விஷயத்தை மூன்று இடத்தில் வைத்தால், ஏதாவது ஒன்றாவது கிடைக்க 78 சதவீதம். நான் ஒருபடி மேலே போய், தடயம் கிடைப்பதற்குப் பகடையே கேட்பதில்லை. எவ்வளவு சீக்கிரம் கிடைத்தது, அதற்குள் எதிரி என்ன செய்துவிட்டான் என்பதற்கு மட்டும் உருட்டச் சொல்கிறேன்.

சண்டைக் காட்சி நீண்டுகொண்டே போவதுதான் மேசையில் தூக்கம் வர முதல் காரணம். நான்கு பேர், ஆளுக்கு மூன்று நிமிடம், உங்கள் அரக்கர்களுக்கு ஐந்து நிமிடம் என்றால் ஒரு சுற்றுக்கு 17 நிமிடம். நான்கு சுற்றில் ஒரு மணி நேரம் தாண்டிவிட்டது. இதில் ஒவ்வொருவரும் பதினான்கு நிமிடம் சும்மா இருந்து மூன்று நிமிடம் ஆடுகிறார். "அடுத்தது நீங்கள், யோசித்துக்கொள்ளுங்கள்" என்று முந்தையவரின் முறையிலேயே சொல்லிவிடுவது நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும். அடி பட்டதா என்று சொல்லும் தாக்குதல் பகடையையும், எவ்வளவு பட்டது என்று சொல்லும் சேதப் பகடையையும் ஒன்றாக உருட்டச் சொல்லுங்கள். தோற்கப்போவது தெரிந்த எதிரிகள் கடைசி ஆள்வரை நிற்க வேண்டியதில்லை, ஓடட்டும். ஓடியவன் பிறகு திரும்பி வந்தால் கதைக்கும் நல்லது.

ஆட்டம் தொடங்கும் முன் ஒரு மாலை பேசுவதற்கு மட்டும் ஒதுக்குங்கள். எந்த மாதிரிக் கதை, எவ்வளவு பயங்கரம், எதெல்லாம் மேசைக்கு வரவே கூடாது என்பதையெல்லாம் அன்றே பேசிவிடலாம். இதை "செஷன் ஜீரோ" என்கிறார்கள். மேசை நடுவில் எக்ஸ் என்று எழுதிய ஒரு அட்டையை வைத்து, யாருக்காவது ஒவ்வாத காட்சி வந்தால் அதைத் தொட்டுக் காட்டினால் போதும், காரணம் சொல்ல வேண்டாம் என்ற வழக்கமும் இருக்கிறது. என் மேசையில் அந்த அட்டையை யாராவது தொட்ட சமயங்கள் மிகச் சில. ஆனால் அது இருக்கிறது என்பதால்தான் பலர் தைரியமாக ஆடினார்கள் என்று நம்புகிறேன்.

நீங்கள் சொல்லாத ஒரு சிக்கலும் உங்கள் நாற்பது புத்தகத்துக்குள் இருக்கும் என்று சந்தேகிக்கிறேன், பதிப்புக் குழப்பம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-ல் வந்தது. மூன்றாம் பதிப்பு 2000-ல், அதன் திருத்தம் 2003-ல், நான்காவது 2008-ல், ஐந்தாவது 2014-ல், அதன் திருத்தம் 2024-ல். 2000-த்தின் புத்தகமும் 2003-ன் புத்தகமும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், மந்திர விதிகளில் முரண்படும். அலமாரியில் எல்லாப் பதிப்பும் இருக்கலாம். மேசைக்கு ஒன்றே ஒன்று. புதியவர்கள் விதிநூல் வாங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் அடங்கிய எஸ்.ஆர்.டி. 5.1 என்ற ஆவணத்தை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற திறந்த உரிமத்தில் வெளியிட்டுவிட்டார்கள், இலவசமாகவே படிக்கலாம். "முதலில் புத்தகம் வாங்குங்கள்" என்று சொல்லி ஒரு ஆட்டக்காரரை இழந்துவிடாதீர்கள்.

சரி, இப்போது சேகரிப்பு. இதை நான் மிகவும் நேசிக்கிறேன். அதனால்தான் கொஞ்சம் கறாராகவும் பேசுகிறேன்.

சேகரிப்பவர் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி, எது முடிந்தால் என் சேகரிப்பு முடிந்தது என்பது. எல்லை போடாத சேகரிப்பு அலமாரியைத் தாண்டிக் கட்டிலுக்கு அடியில் போகும். ஒரே ஓவியர், ஒரே கற்பனை உலகம், ஒரே பத்தாண்டு என்று எதையாவது பிடித்துக்கொள்ளுங்கள். என்னுடையது 1977 முதல் 1985 வரை. முதல் பெட்டி, அதாவது 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் எழுதியது, முதல் அச்சில் ஆயிரம் பிரதிதான் போட்டார்கள். அதைத் துரத்துவதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிட்டேன், நிம்மதியாக இருக்கிறது.

இரண்டாவது, அட்டையைப் பார்த்து வாங்காதீர்கள், எத்தனையாவது அச்சு என்று பார்த்து வாங்குங்கள். 1980-ல் வந்த டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ் என்ற தெய்வங்களின் தொகுப்பு நல்ல உதாரணம். முதல் அச்சுகளில் கதுல்ஹு, மெல்நிபோனே என்ற இரண்டு கற்பனை உலகங்களின் பகுதிகள் இருந்தன. பிறகு அவை நீக்கப்பட்டன. முந்தையது 144 பக்கம், பிந்தையது 128. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே புத்தகம். வாங்கும் முன் கடைசிப் பக்கத்தின் எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் தெரிந்துவிடும். 1981-ன் பேலஸ் ஆஃப் தி சில்வர் பிரின்சஸ் சாகசத்தின் ஆரஞ்சு அட்டைப் பதிப்பு வெளிவந்த சூட்டிலேயே திரும்பப் பெறப்பட்டது. பிறகு பச்சை அட்டையோடு திருத்தி வெளியிட்டார்கள். ஆரஞ்சு கிடைத்தது என்று யாராவது சொன்னால் மூன்று முறை சரிபாருங்கள்.

மூன்றாவது, முழுமை. பெட்டிகளில் இதுதான் பெரிய வலி. விதிநூல், சாகசம், வரைபடம், அட்டை வில்லைகள், பகடை என்று உள்ளே என்னென்ன இருந்திருக்க வேண்டும் என்ற பட்டியல் தெரியாமல் பெட்டி வாங்கக் கூடாது. 1970-களின் இறுதியில் பகடைக்குத் தட்டுப்பாடு வந்தபோது, புதியவர்களுக்கான பேசிக் பெட்டியில் பகடைக்குப் பதிலாக எண் அச்சிட்ட அட்டைத் துண்டுகளை வைத்து அனுப்பினார்கள். வெட்டி, ஒரு கோப்பைக்குள் போட்டு எடுக்க வேண்டும். வெட்டாத தாளோடு ஒரு பெட்டி கிடைப்பது அபூர்வம். பகடை இல்லையே என்று அந்தப் பெட்டியைக் குறையானது என நினைப்பவர்களும் உண்டு.

முழுமையானது என்று சொல்லி எனக்கு விற்கப்பட்ட ஒரு பழைய பெட்டி நினைவுக்கு வருகிறது. திறந்தால் வரைபடத்தைக் காணோம். விற்றவர் அதன் பிறகு பதிலே தரவில்லை. கோபத்தோடு உள்ளே இருந்த சாகசப் புத்தகத்தைப் புரட்டினேன். ஓரங்களில் பென்சில் எழுத்து. ஓர் அரக்கனின் பெயருக்குப் பக்கத்தில் அதன் மீதி உயிர்ப் புள்ளி 31, அதை அடித்து 24, அதை அடித்து 15, பிறகு 9, பிறகு ஒரு சின்ன வட்டம். பன்னிரண்டாம் அறைக்கு நேராக, யாரோ ஒரு ஆட்டக்காரரின் பெயரும் ஒரு சிலுவைக் குறியும். கடைசிப் பக்கத்தில் தொலைந்த வரைபடத்தை நினைவிலிருந்து வரைந்ததுபோல் ஒரு கோட்டுப்படம். யாரோ ஒருவர் இதை ஓர் இரவில் நடத்தியிருக்கிறார், அந்த அறையில் ஒரு கேரக்டர் செத்திருக்கிறது. சேகரிப்பவர் கணக்கில் பென்சில் எழுத்து மதிப்பைக் குறைக்கும். என் அலமாரியில் நான் யாருக்கும் தராத புத்தகம் அதுதான்.

நான்காவது, பாதுகாப்பு. புத்தகங்களுக்கு எதிரி ஈரப்பதம், வெயில், ராமபாணப் பூச்சி, இவற்றோடு பசை. 1985-ன் அன்எர்த்ட் ஆர்கேனா பைண்டிங் விட்டுப்போவதற்குப் பேர்போனது. அதை முழுவதும் விரித்து மேசையில் வைக்காதீர்கள். மெல்லிய சாகசங்களில் ஸ்டேப்லர் பின் துருப்பிடித்துக் காகிதத்தைத் தின்னும், வருடம் ஒருமுறை நடுப்பக்கத்தைத் திறந்து பாருங்கள். உறை போடுவதென்றால் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர். பி.வி.சி. உறை காலப்போக்கில் அட்டையின் மையோடு ஒட்டிக்கொள்ளும். பெட்டிகளை உயரமாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் அடியில் இருப்பதன் மூலைகள் பிளக்கும். பிரிக்காத கண்ணாடித்தாள் உறைகூட நல்லதென்று சொல்ல முடியாது, அது வருடக்கணக்கில் இறுகி அட்டையை வளைத்துவிடும். புதிதாக உறை சுற்றிப் பழையது என்று விற்பதும் நடக்கிறது.

மினியேச்சர்களில் பழையவை பெரும்பாலும் ஈயம் கலந்தவை. மரப்பலகையிலிருந்தும் அட்டைப்பெட்டியிலிருந்தும் மெதுவாக வெளியாகும் அமில ஆவி பட்டால் அவற்றின் மேல் வெள்ளைப் பொடி பூக்கும். குறிப்பாக ஓக் மர அலமாரி ஆகவே ஆகாது. பொடி பூத்ததை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டாதீர்கள், அது ஈயத்தூள். கையுறை போட்டு ஈரத்துணியால் துடைத்து, கையை நன்றாகக் கழுவுங்கள். ப்ரைமரும் பெயின்ட்டும் வார்னிஷும் பூசியவை அதிகம் தாங்கும். நீங்கள் வைத்திருக்கும் பிளாஸ்டிக் உருவங்களுக்கு இந்தக் கவலை இல்லை. பெயின்ட் அடிக்க நேரம் இல்லையே என்பதுதான் அங்கே பிரச்சினை. அதற்கு என் வழக்கம், அடுத்த அமர்வில் மேசைக்கு வரப்போகிற உருவங்களை மட்டும் எடுப்பது. மூன்று பூதம் வேண்டுமென்றால் அந்த மூன்றுக்கு மட்டும் பெயின்ட். மற்றவை பெட்டியில் காத்திருக்கும்.

ஆட்டமும் சேகரிப்பும் முட்டிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. அரிய பிரதியை வைத்து ஆட்டம் நடத்தலாமா? ஐந்து பேர் கை வைக்கிற, தண்ணீர்க் குவளை இருக்கிற மேசைக்கு நான் அசலைக் கொண்டுபோவதில்லை. பழைய சாகசங்களில் பலவற்றை இப்போது பிடிஎஃப் ஆகவும், கேட்டால் அச்சிட்டுத் தருகிற பிரதியாகவும் அதிகாரபூர்வமாகவே விற்கிறார்கள். அதில் ஒன்றை வாங்கி, கிறுக்கி, கிழித்து ஆடுங்கள். அசல் அலமாரியில் இருக்கட்டும், ஆட்டம் முடிந்த இரவில் எடுத்து அந்த ஓவியங்களைப் பாருங்கள். ஆடிய பிறகு பார்க்கும்போது அதே படம் வேறு மாதிரித் தெரியும்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான். நாற்பதில் மிக மெல்லியதாக ஒரு சாகசத்தை எடுங்கள், 32 பக்கத்துக்குள். ஒரே மாலையில் முடிகிற அளவு பகுதியை மட்டும் குறியுங்கள். பழைய குழுவுக்கு, "இன்ன நாள், மூன்று பேர் வந்தால் ஆட்டம், தொடர்ச்சி கிடையாது, அன்றே முடியும்" என்று செய்தி அனுப்புங்கள். கேம்பெயின் என்ற சொல்லையே எடுக்காதீர்கள், இரண்டு முறை பாதியில் நின்றதால் அந்தச் சொல்லைக் கேட்டாலே அவர்களுக்கு அலுப்பு வரும். நான்கு கேரக்டரை நீங்களே எழுதி வைத்துவிடுங்கள், வந்தவர் எடுத்து ஆடட்டும். அது முடிந்த இரவில், கிளம்புவதற்கு முன் அடுத்த தேதியைக் கேளுங்கள். எல்லாரும் இன்னும் அந்த மேசையில் இருக்கும்போதே கேளுங்கள், மறுநாள் காலையில் கேட்டால் பதில் வர ஒரு வாரமாகும்.